கொன்றை பொய் சொல்லிற்றா?

தமிழ்ச் சங்க மலர்களில் ஆண்டு தவறாமல் இடம்பெறும் கட்டுரை வகை ஒன்று உண்டு. 'பண்டைத் தமிழரின் தாவர அறிவு' என்பது போல அதற்குத் தலைப்பு அமையும். புறத்தே வைரம் உடையவை புல், அகத்தே வைரம் உடையவை மரம் என்று தொல்காப்பிய மரபியல் பகுத்திருப்பதை அது எடுத்துக்காட்டும். இன்றைய அறிவியலார் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பிரிப்பது இதுவே என்னும். மேலைநாட்டார் நேற்றுக் கண்டதை நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர் என்று முடியும். நாமும் அத்தகைய கட்டுரைகளைப் படித்துப் பெருமிதம் கொண்டவர்களே. பனையையும் மூங்கிலையும் ஓரினமாகக் கண்ட கண் கூரிய கண் என்பதில் ஐயமில்லை. எனினும் வைரமே ஏறாத செடிகொடிகள் பல இப்பகுப்பில் எளிதில் அடங்கா என்பதை அக்கட்டுரைகள் சொல்வதில்லை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. 'முன்னரே கண்டனர்' என்று சொன்ன அளவில், அவர்கள் கண்டது என்ன என்று நாம் பார்ப்பது நின்றுவிடுகிறது.

இதை நமக்கு உணர்த்தியவள், ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்புக்கு வந்த ஒரு சிறுமி. குறுந்தொகையின் 66ஆம் பாடலைச் சொல்லிக்கொண்டிருந்தோம். தலைவன் கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிப் பிரிந்தான். மழை பெய்கிறது, கொன்றை பூத்துவிட்டது, அவனோ வரவில்லை. தலைவி கலங்குகிறாள். தோழி அவளைத் தேற்ற ஒரு வழி காண்கிறாள். இக்கொன்றை மரங்கள் அறிவற்றவை. காலம் அல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று கருதிக் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டன. அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை என்கிறாள். கொன்றை என்பது இங்கே சாலையோரம் நிற்கும் அமல்தாஸ்தான் என்று விளக்கினோம். அச்சிறுமி எழுந்து, "அமல்தாஸ் கோடை விடுமுறையில்தானே பூக்கும்? அப்போது மழையே இராதே!" என்றாள். அது கவிமரபு, எழுதிக்கொள் என்று சொல்லிப் பாடத்தை முடித்தோம். அவள் எழுதிக்கொண்டாள். அவளுடைய கேள்விக்கு அது விடையாகாது என்பது வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது.

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. தில்லியின் அம்ரிதா ஷெர்கில் சாலையில் மே மாத நடுவிலிருந்து ஜூன் வரை, அனற்காற்று வீசும் நாள்களில், இம்மரங்கள் இலை தெரியாமல் பூத்துத் தொங்குவதைக் காணாதவர் நம்மில் இல்லை. மராத்தியர் இதனைப் பஹாவா என்பர். கன்னடர் கக்கே என்பர். வங்காளியர் இதன் நீண்ட காயைக் கண்டு 'குரங்கின் தடி' என்று பொருள்படப் பாந்தர்லாட்டி என்று பெயரிட்டனர். மலையாளிகள் பழம்பெயரைக் காத்துக் கணிக்கொன்னை என்கின்றனர். அவர்களுக்கு ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்கு இப்பூ வேண்டும். ஆனால் முல்லைத் திணைக்கு உரிய கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் ஆகும். மரம் பூப்பதற்கும் பாட்டில் அது பூப்பதற்கும் இடையே மூன்று நான்கு திங்கள் வேறுபாடு. இதை எவ்வாறு கொள்வது?

பண்டைக் கொன்றை வேறொரு மரம் எனலாம். ஆனால் பாடல்கள் இதற்கு இடம் தருவதில்லை. பொன்னிறம், சரம் சரமாகத் தொங்கும் கொத்து என இரண்டையும் புலவர்கள் மீண்டும் மீண்டும் சொல்கின்றனர். குறுந்தொகை 21ஆம் பாடலில் ஓதலாந்தையார் பூத்த கொன்றையைப் பொன்னணி பூண்ட மகளிரின் கூந்தலுக்கு ஒப்பிடுகிறார். சரக்கொன்றையை நேரிற் கண்டவர்க்கு இதில் ஐயம் எழாது. இனி, புலவர்கள் மரத்தைப் பாராமல் மரபை மட்டும் பாடினர் எனலாம். நாம் வகுப்பில் சொன்னது இதுவே. முல்லைப்பாட்டில் காயாவும் கோடலும் தோன்றியும் கொன்றையோடு சேர்ந்து ஒரே மழையில் மலரும் வரிசையை நோக்கினால், அங்கே மரபின் கை இருப்பது உண்மைதான். ஆயினும் அவற்றுள் தோன்றி எனப்படும் செங்காந்தள், மழை விழுந்ததும் நிலத்தடிக் கிழங்கிலிருந்து முளைத்தெழுந்து மழைக்காலத்திலேயே பூப்பது. அதைச் சரியாகப் பார்த்தவர் கொன்றையை மட்டும் பாராமல் விட்டார் என்பது பொருந்துமா?

நம் கருத்து வேறு. கொன்றை ஒரு நாள் குறித்துப் பூக்கும் மரம் அன்று. அதன் பெரும்பூப்புக் கோடையில். எனினும் இடத்துக்கு இடம் முன்பின்னாகும். கோடை கழிந்து மழை தொடங்கிய பின்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சரம் விடுவதும் உண்டு. அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் விஷுவுக்கு வாரக்கணக்கில் முன்னரே பூத்து உதிர்ந்துவிடுகிறது என்னும் குறை செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. குஜராத்து உழவரிடையே, கொன்றை நிறையப் பூத்த நாளிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் மழை வரும் என்றொரு நம்பிக்கை உண்டு. ஆக, காலம் பிறழ்வது இம்மரத்தின் இயல்பு. அதற்குச் சான்று தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. 66ஆம் பாடலே சான்று. ஒருபோதும் காலம் தவறாத பூவைக் காட்டி, அது தவறிவிட்டது என்று தோழி சொல்லியிருந்தால் தலைவி நம்புவாளா? பொய்யும் ஒரு சிறிதேனும் உண்மையின்மேல் நின்றால்தான் செல்லும். கொன்றை ஏமாறக்கூடிய மரம் என்பது சொல்பவளுக்கும் தெரியும், கேட்பவளுக்கும் தெரியும். அவ்வறிவின்மேல்தான் பாட்டு நிற்கிறது. இப்புலவரின் தாவர அறிவு என்று நாம் பெருமைப்படத் தக்கது ஒன்று உண்டெனில் அது இதுவே.

செடிகள் தம் சூழலை அறிந்து பூக்கும் வழிகள் சில உள. இரவின் நீளத்தை அளந்து பூப்பது ஒன்று. கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்கர் 1920இல் இதனை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த புகையிலை வகையொன்று கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் வயலில் பூக்கவில்லை. பகல் குறுகிய குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் பூத்தது. பின்னர் 1938இல் மருளூமத்தையை வைத்துச் செய்த ஆய்வில், செடி அளப்பது பகலை அன்று, தொடர்ந்த இருளையே என்பது தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினாலும் அச்செடி பூப்பதில்லை. தஞ்சை உழவர்க்கு இவ்வேறுபாடு ஆய்வுக்கூடம் இல்லாமலே தெரியும். பழைய நீண்டகாலச் சம்பா நெல் வகைகளுள் பல பகல் குறுகும் பருவம் பார்த்துத்தான் கதிர் விடும். குறுவையோ நாள் கணக்கில் விளைந்துவிடும். 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாதது. அதனால்தான் ஓர் ஆண்டில் இரண்டு மூன்று போகம் என்பது எளிதாயிற்று.

நீரைக் கண்டு பூப்பது மற்றொரு வழி. பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் நம்மவர்க்குக் குடகு, சிக்கமகளூர்க் காப்பித் தோட்டங்கள் தெரிந்திருக்கும். மொட்டாக உறங்கிக் கிடக்கும் காப்பிச் செடிகள், மார்ச் ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால், ஏறக்குறையப் பத்தாம் நாள் மலைச்சரிவு முழுதும் ஒருங்கே வெண்மையாகப் பூத்துவிடும். அடுத்து மற்றொரு மழை உரிய காலத்தில் வந்தால்தான் காய் நன்கு பிடிக்கும். முதல் மழை முந்தி வந்து இரண்டாவது பொய்த்தால் அவ்வாண்டு விளைச்சலுக்குக் கேடு. காலமல்லா மழையைக் காலமழை என்று கருதி ஏமாறுதல் என்பது தோழியின் கற்பனை மட்டும் அன்று என்பதைத் தோட்டக்காரரின் கணக்கேடு சொல்லும். இலையுதிர்க்கும் வெப்பநாட்டு மரங்கள் பலவற்றிலும், இலை உதிர்ந்த கொம்பில் மீண்டும் நீர் ஏறுவதே மொட்டு விரிவதற்குத் தூண்டுகோலாகிறது.

நீலக்குறிஞ்சியின் போக்கோ இவ்விரண்டினும் வேறு. 1994, 2006, 2018 எனப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெருந்திரளாகப் பூத்து, விதைத்து, மடியும். இடையில் எத்தனை மழை பெய்தாலும் அதன் கணக்கு மாறுவதில்லை. குறிஞ்சியை வைத்து இந்த முல்லைப் பாட்டைப் பாடியிருக்க இயலாது என்பதை எண்ணிப் பார்த்தால், கொன்றையைத் தேர்ந்தது வெறும் மரபு அன்று என்பது விளங்கும்.

இங்கே தொல்காப்பியத்தை மீண்டும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். புல்லும் மரமும் ஓரறிவு உடையவை. அவ்வறிவு தொடுவுணர்ச்சி என்பது மரபியலின் கொள்கை. அதன்படி பார்த்தால் கொன்றை செய்ததில் குற்றமே இல்லை. மழை தொட்டது; அதை அறிந்தது; பூத்தது. தலைவன் சொல்லிச் சென்ற சொல்லைக் கேட்கச் செவி இல்லாத உயிரைத் தோழி அறிவற்றது என்று பழிக்கிறாள். பழி கொன்றைமேல் விழுந்தாலும் குறி அதுவன்று. தலைவனைப் பழிக்க அவளுக்கு மனமில்லை. தலைவியை அழவிடவும் மனமில்லை. எதிர்த்துப் பேசாத மரம் ஒன்று அருகில் நின்றது. (251ஆம் பாடலில் இதே பழியைத் தோழி மயில்மேல் ஏற்றுகிறாள்.)

ஆனால் இவ்விடத்தில் தொல்காப்பியரை அறிவியலுக்கு மேலாக உயர்த்துவது நேர்மையாகாது. மரம் தொடுவுணர்வு மட்டும் உடையதன்று. அது ஒளியையும் அறிகிறது. அவ்வாறு அறியும் பைட்டோகுரோம் என்னும் நிறமியை 1959இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இனங்கண்டனர். ஒளியை அறிவது இலை. பூப்பது கொம்பின் நுனி. அப்படியெனில் இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒரு தூது செல்ல வேண்டும் என்று உருசிய அறிஞர் சைலாக்கியான் 1930களில் சொன்னார். அத்தூது ஒரு புரதம் என்பது 2007இல்தான் நெல்லிலும் கடுகினச் சிறுசெடி ஒன்றிலும் நிறுவப்பட்டது. இவற்றை நம் முன்னோர் அறிந்திருக்கவில்லை. அறிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதால் பாட்டின் பெருமை ஓர் அணுவும் குறைவதில்லை.

இனி 21ஆம் பாடலுக்கு வருவோம். இதில் பேசுபவள் தலைவி. காடு முழுதும் கார் வந்தது என்று சொன்னாலும் நான் நம்பேன். அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள். இரு பாடல்களையும் ஒன்றெனவே கருதிக் கற்பிப்பது வழக்கம். நமக்கு அவை ஒன்றாகத் தோன்றவில்லை. தோழி மரம் ஏமாந்தது என்கிறாள். தலைவியோ மரம் பொய் சொல்கிறது என்கிறாள். தோழியின் சொல்லில் தேற்றும் நோக்கம் வெளிப்படை. தலைவியின் சொல்லில் தன்னையே தேற்றிக்கொள்ளும் ஒருத்தியின் நடுக்கம் இருக்கிறது. கண்முன் பூத்து நிற்கும் காட்டை மறுக்க வேண்டிய நிலைக்கு அவள் வந்துவிட்டாள். இவ்விரண்டில் துயரம் மிக்கது இதுவே என்போம்.

இப்பாடலில் நாம் பன்முறை படித்தும் கவனியாது விட்ட சிறு செய்தி ஒன்று உண்டு. அக்கொன்றையில் வண்டு மொய்க்கிறது. வண்டுகள் மொய்க்க என்பதை உரைகாரர் பலர் அழகுக்குச் சேர்த்த அடையாகவே கொண்டு செல்வர். பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும். மூன்று நீண்டு வளைந்து முன்னே நிற்கும், நான்கு குறியவை, எஞ்சிய மூன்று மிகச் சிறியவை. இப்பூவில் வண்டுக்குத் தேன் இல்லை. மகரந்தமே அதற்குக் கூலி. பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்து, குறிய தாள்களில் உள்ள பொடியை உணவாகத் திரட்டும். அவ்வேளையில் நீண்ட தாள்கள் அதன் உடலில் பொடியைத் தூவிவிடும். அடுத்த பூவின் சூல்முடியை அப்பொடி சென்று சேரும். பக்திப் பாடல்களில் கொன்றை தேன் சொரியும். குறுந்தொகைப் புலவரோ வண்டு மொய்த்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அங்ஙனம் வண்டு வந்திருக்கிறது எனின், கொன்றை ஏமாறவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. அது நாள் குறித்தது வண்டோடு. பொருள் தேடிப் போன தலைவனோடு அன்று. தலைவியும் தோழியும் தமக்கு எழுதப்படாத ஓலையைப் பிரித்துப் படிக்கிறார்கள். புலவர் இதை எண்ணித்தான் வண்டை வைத்தார் என்று அறுதியிட்டுக் கூறோம். வண்டு அங்கே இருக்கிறது. மரத்தின் காத்திருப்பு நிறைவேறிவிட்டது. பெண்ணின் காத்திருப்பு நிறைவேறவில்லை. இவ்வளவும் பாட்டிற்குள்ளேயே உள்ளவை.

அச்சிறுமி இப்போது வகுப்புக்கு வருவதில்லை. அவள் தந்தைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அங்கும் இம்மரம் சாலையோரத்தில் நிற்கும். கோடையில் பூத்தது காயாகி, ஒரு முழ நீளத்துக்குக் கருங்குழலாக முற்ற ஏறக்குறைய ஓர் ஆண்டாகும். உள்ளே அறை அறையாகத் தடுத்து, கரிய இனிய சதைக்குள் ஒவ்வொரு விதையாக அடுக்கியிருக்கும். அச்சதைக்காகக் குரங்கும் கரடியும் நரியும் காயை உடைத்துத் தின்று விதையைத் தொலைவில் இடும். நகரத்தில் காய்கள் குளிர்காலம் முழுதும் காற்றில் ஒன்றோடொன்று மோதித் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த மே மாதத்தில் புதுப்பூச் சரங்கள் அந்தக் கருங்காய்களுக்கு நடுவேதான் இறங்கும்.