தாலிக்குப் பின்னும் ஒரு மறுப்பு: தமிழ்க் காதல் நாவலின் நாயகிகள்

மெய்கண்டார் பிறந்த பெண்ணாடத்தின் மலரில் மாத நாவலுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அப்பர் சூலக்குறியும் இடபக்குறியும் வேண்டிப் பெற்ற தலம் இது. அதை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ராணிமுத்து, மாலைமதி, கண்மணி என்று கடைக் கம்பியில் கிளிப்புப் போட்டுத் தொங்கிய சரக்கை. விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் ரயிலில் போய்வந்த பெண்களின் கைப்பையில் இருந்தது அதுதான். வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, வீடு வீடாகக் கைமாற்றிப் படித்த தலைமுறையும் அதற்கு முன்னால் இருந்தது. அவர்கள் அந்தக் கதைகளில் எதைத் தேடினார்கள் என்பதை இலக்கிய விமர்சனம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை.

முதல் பெயர் வை.மு. கோதைநாயகி அம்மாள். சிறுமியாக இருக்கும்போதே மணமானவர். எழுதப் பழகுவதற்கு முன்பே வாயால் சொல்லி, தோழியை எழுதவைத்து நாடகம் படைத்தவர். 1925 முதல் ஜகன்மோகினி பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவருடைய நாயகிகளுக்குத் துணிச்சல் உண்டு, தேச பக்தி உண்டு, சீர்திருத்தப் பேச்சும் உண்டு. உடம்பு மட்டும் இல்லை. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிது என்று விட்டுவிடலாம்.

உடம்பு கதைக்குள் வந்தது லட்சுமியோடு என்பது என் கணிப்பு. திரிபுரசுந்தரி என்ற இயற்பெயர் கொண்ட அந்த மருத்துவ மாணவி, சென்னை ஸ்டான்லியில் படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியவர். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் மருத்துவராக வாழ்ந்து திரும்பினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. ஆனால் இந்த மரபைப் புரிந்துகொள்ள எடுத்துப் பார்க்க வேண்டியது 'பெண்மனம்'. அதைத்தான் 1963இல் 'இருவர் உள்ளம்' என்று படமாக்கினார்கள்; வசனம் கலைஞர். சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்த அந்தக் கதையைப் பார்க்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. பெண்களோடு சுற்றித் திரிந்த பணக்காரனை ஒரு ஆசிரியை வெறுக்கிறாள். வீட்டு நெருக்கடியில் அவனுக்கே கழுத்தை நீட்ட வேண்டி வருகிறது. தாலி ஏறியும் மனம் ஏறவில்லை. அவனும் காத்திருக்கிறான்.

இந்தக் காத்திருப்புத்தான் தமிழ்க் காதல் நாவலின் உயிர். கட்டாயக் கல்யாணம், ஒரே அறையில் இரண்டு படுக்கை, இருநூறு பக்கம் பிணக்கு, கடைசி அத்தியாயத்தில் சமாதானம் என்று ஆயிரம் நாவல்கள் இதே தடத்தில் ஓடின. விமர்சகர்கள் கேலி செய்தார்கள். பணக்கார மாப்பிள்ளைக் கனவு என்றார்கள். கார், பங்களா எல்லாம் மேல்பூச்சு. கட்டிய மனைவி 'வேண்டாம்' என்றால் கையை எடுத்துக்கொள்கிற கணவன்தான் அந்தப் பெண்கள் கண்ட கனவு. வீட்டில் இருந்த கணவன்மார் எத்தனை பேர் அப்படி? சட்டமே இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இந்திய தண்டனைச் சட்டம் வன்புணர்வு பற்றிய 375ஆம் பிரிவில் கணவனுக்கு வைத்திருந்த விலக்கு, 2023இல் இயற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் உட்கார்ந்திருக்கிறது. நாடாளுமன்றம் தராததைப் பெட்டிக்கடைப் புத்தகம் கதையாகவாவது தந்தது.

அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் காதல் நாவல் படிக்கும் இல்லத்தரசிகளிடமே போய்க் கேட்டு 1984இல் ஒரு நூல் எழுதினார். நாவலைக் கையில் எடுக்கும் நேரம் வீட்டார் யாரும் உரிமை கொண்டாட முடியாத தங்கள் நேரம் என்று அவர்கள் சொன்னார்களாம். பெண்ணாடத்திலும் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்த பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தின் கதை வேறில்லை.

1970களில் எழுத வந்த ரமணிசந்திரன் இந்தத் தடத்தைத் தார்ச்சாலை ஆக்கினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். அவருடைய நாயகி வேலை பார்ப்பாள், கடன் வாங்கமாட்டாள், முதலாளியானாலும் முகத்துக்கு நேரே பேசுவாள். சம்பளமும் சுயமரியாதையும் அவளுக்கு ஒன்றுதான். ஆசை என்று வரும்போது மட்டும் முதல் அடி அவன் வைக்க வேண்டும். அவளுக்குக் கன்னம் சிவக்கும், இதயம் படபடக்கும், பிறகு விளக்கு அணைந்துவிடும். இதைக் கண்ணியம் என்று போற்றுகிறவர்கள் உண்டு. மகளிடம் தயங்காமல் கொடுக்கலாம் என்பதே அவருக்குத் தாய்மார் தந்த சான்றிதழ். எனக்கு அதில் ஒரு குறை. 'வேண்டாம்' சொல்ல அவ்வளவு துணிந்த பெண்ணுக்கு 'வேண்டும்' சொல்ல ஒரு வாக்கியமாவது கொடுத்திருக்கலாம்.

அந்த வாக்கியத்தைத் தந்தவர்கள் வேறு பள்ளிக்காரர்கள். பெரும்பாலும் ஆண்கள் என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' யமுனா தன்னைவிடப் பத்து வயது இளையவனிடம் தன்னைத் தந்துவிட்டு, இதற்காகத்தானா இத்தனை தவிப்பு என்று கேட்கிறாள். தமிழ் நாவலில் நிமிர்ந்து நின்று பேசிய பெண்களில் அவளுக்கு இணை அரிது. 'மரப்பசு' அம்மணி அப்படியில்லை. அவள் சுதந்திரம் ஆண்களுக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. புஷ்பா தங்கதுரை பெண் பெயரில் எழுதிய ஆண். சிவப்பு விளக்குத் தெரு வரை கதையைக் கொண்டுபோனார். பரபரப்பு அதிகம், நாயகியின் மனம் குறைவு. பாலகுமாரனுக்குப் பெண் வாசகிகள் திரண்டார்கள். வேலைக்குப் போகும் பெண்ணின் அலுப்பை அவர் அறிந்திருந்தார், உபதேசத்தைத்தான் குறைத்திருக்கலாம்.

நம் மாவட்டத்து மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் காதல் நாவலாசிரியர் அல்லர். ஆனாலும் 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' இல்லாமல் இந்த வரலாறு நகராது. கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊரே எதிர்த்தது. தாய் அப்படிச் செய்யாமல் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகும் என்று அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதிக் கங்காவின் தனிமையைக் காட்டினார்.

அந்தக் கேள்வியை வெகுஜன எழுத்தில் இன்னொரு முனைக்குக் கொண்டுபோனவர் அனுராதா ரமணன். 'சிறை' கதையின் பாகீரதி கெடுக்கப்படுகிறாள். கணவன் கைவிட்டு ஓடுகிறான். அவள் தன்னைக் கெடுத்த அந்தோணியின் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள். அந்தோணி திருந்துகிறான், அவளைத் தொடுவதில்லை. அவன் இறந்தபின் கணவன் கட்டிய தாலியைத் துறந்து அந்தோணியின் விதவையாகிறாள். 1984இல் படமானபோது நடிகை லட்சுமி நடித்த அந்த முடிவுக்கு அரங்கம் அதிர்ந்தது. கணவனைத் தூக்கி எறிந்தது வலிமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கெடுத்தவன் நாயகனாக எழுந்து நிற்பது அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் இருக்கிறது. இன்று கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக ஓடும் நாவல்களில் 'ஆன்டி ஹீரோ' என்று ஒரு வகை விலைபோகிறது. கடத்துகிறான், அறைகிறான், பலவந்தமாகத் தாலி கட்டுகிறான், பிறகு அவளுக்கே அவன்மேல் காதல் வருகிறது. எழுதுகிறவர்களில் பலர் பெண்கள் என்பதால் விமர்சகர்கள் தயங்குகிறார்கள், நான் தயங்கமாட்டேன். லட்சுமி காலத்து நாயகன் காத்திருந்தான், இவன் காத்திருப்பதில்லை. படுக்கையறை வர்ணனை கூடிவிட்டதைப் பலர் வளர்ச்சி என்கிறார்கள். மறுப்புக்கு இருந்த மதிப்பு குறைந்த பிறகு வர்ணனை கூடி என்ன?

மறுப்பு என்றதும் நினைவுக்கு வரும் நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. கலிக்கம்ப நாயனாரின் துணைவியார், அடியாராக வந்தவர் தம் வீட்டு முன்னாள் ஏவலர் என்று அறிந்து நீர் வார்க்கத் தயங்கினார். நாயனார் அந்தக் கையையே வெட்டினார். அடியார்க்கு ஏற்றத்தாழ்வில்லை என்பதற்காகச் சொன்ன கதை. அந்த நோக்கம் பெரிது. ஆனால் தயங்கிய மனைவிக்கு அங்கே பெயரும் இல்லை, வாயும் இல்லை.

அளவுகோல் என்று கேட்டால் நான் பார்ப்பது இரண்டு: நாயகியின் மறுப்பு கதையைத் திருப்புகிறதா, அவள் விருப்பம் அவள் வாயாலேயே வருகிறதா. இரண்டாவதில் பெண் எழுத்து உண்மையில் தேறியது காதல் நாவலுக்கு வெளியே. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' பெண்கள் தங்களுக்குள் ஆசையைப் பற்றிப் பேசிக்கொள்வதை ஒளிவில்லாமல் எழுதியது. சங்கப் பெண்பாற் புலவர் வெள்ளிவீதியார் ஆசையைப் பாடிய மொழியில் அது இவ்வளவு தாமதமாக வந்ததுதான் வியப்பு.

நாயகிகளின் உத்தியோகத்தையும் கவனிக்க வேண்டும். டைப்பிஸ்ட், ஆசிரியை, டாக்டர், இப்போது ஐ.டி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டி, சூளைக்கு அடுக்கித் தருகிற பெண்ணை நாயகியாக வைத்த காதல் நாவல் எதுவும் என் கண்ணில் படவில்லை. வாரக் கூலி வாங்குகிறாள், கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கு வேலையில் இரவும் நிற்கிறாள், அவளுக்கும் ஒருவனைப் பிடிக்கிறது. எழுதுகிறவர் முதலில் அந்தப் பட்டறைக்குப் போய் நாலு நாள் உட்கார வேண்டும்.