கொங்கோட் ஊரின் வீரச்சிலை

போரில் மடிந்தார்க்குக் கல்லும் வெண்கலமும் நிறுத்தும் வழக்கம் எந்நாட்டுக்கும் பொதுவானது. அவ்வாறு நிறுத்தப்பட்டவற்றுட் கலையென மதிக்கத்தக்கன சிலவே. ஏனையவை ஒரே அச்சில் வார்த்து ஊர்தோறும் அனுப்பப்பட்டன போலத் தோன்றுவன. ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, போஸ்ரன் நகருக்கு ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள கொங்கோட் என்னுஞ் சிற்றூரில், ஆற்றங்கரையில் நிற்கும் "மினிற்மன்" சிலை அச்சிலவற்றைச் சார்ந்தது. அதன் அழகை யாம் மறுக்கவில்லை. அவ்வழகு யாருக்கு உரிய புகழை யாருக்கு அளித்தது என்பதே இங்கு வினா.

"மினிற்மன்" என்பது அழைப்புக் கிடைத்த ஒரு நிமிடத்துள் ஆயுதந் தாங்கி நிற்க உடன்பட்ட ஊர்ப்படைஞரைக் குறிக்கும். 1775ஆம் ஆண்டு ஏப்பிரில் 19ஆந் திகதி, குடியேற்ற மக்கள் சேர்த்துவைத்த போர்த்தளவாடங்களைக் கைப்பற்றுமாறு பிரித்தானியப் படையினர் ஏறத்தாழ எழுநூற்றுவர் கொங்கோட்டுக்கு வந்தனர். ஊரின் வடபாலத்தை அவர்களுள் ஒரு பகுதியினர் காத்து நின்றனர். எதிர்க்கரைக் குன்றிலே அயலூர்ப் படைஞர் ஏறத்தாழ நானூற்றுவர் கூடினர். பாலத்தை நோக்கி இறங்குமாறு கட்டளை பிறந்தபோது அணியின் முன்னே நின்றது கொங்கோட்டுப் படையன்று. பக்கத்தூராகிய ஆக்ரனிலிருந்து வந்த படையே. அதன் தலைவன் ஐசக் டேவிஸ், முப்பது வயதினன், துப்பாக்கி செய்யுந் தொழிலினன். முதல் வேட்டுக்களிலேயே அவன் மாண்டான். அவன் படையைச் சேர்ந்த அப்னர் ஹொஸ்மரும் அவ்விடத்தே மாண்டான்.

அவ்விடத்தில் முதலில் எழுந்த சின்னம் 1836ஆம் ஆண்டுத் திகதி பொறித்த கருங்கற்றூண். 1837இல் அதன் நிறைவு விழாவில் எமேர்சன் இயற்றிய பாடல் பாடப்பெற்றது. அத்தூண் நிற்கும் கீழைக்கரையோ பகைவர் நின்ற கரை. தூணின் எழுத்துக்களே அதனை ஒளியாது கூறுகின்றன: தம்மவர் எதிர்க்கரையில் நின்றனர் என்றும், தூண் நிற்குமிடத்தில் நின்றது படையெடுத்து வந்தோரின் சேனை என்றும். இது எபினேசர் ஹபார்ட் என்னும் முதியவருக்குப் பொறுக்கவில்லை. நம்மவர் வீழ்ந்த கரையிலன்றோ நினைவுச்சின்னம் நிற்கவேண்டும் என்று வருந்திய அவர், தாம் இறக்கும்போது அதற்கென ஆயிரம் டொலர் விட்டுச்சென்றார். ஒரு சிற்றூர்க் கிழவரின் மனத்தாங்கலிலிருந்து ஒரு நாட்டின் சின்னம் பிறந்தமை சிந்திக்கத்தக்கது.

சிலையை அமைக்கும் பணி டானியல் செஸ்ரர் பிறெஞ்ச் என்னும் ஊர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குமுன் அவர் முழுவுருவச் சிலை எதுவுஞ் செய்தவரல்லர். பின்னாளில் வாஷிங்ரனில் வீற்றிருக்கும் லிங்கனின் பேருருவைப் படைத்தவர் இவரே. போஸ்ரன் அதினியத்தில் இருந்த அப்பொல்லோ பெல்விடியர் சிலையின் சாந்துப்படியை நோக்கி நிலையைப் பயின்றார் என்பர். உள்நாட்டுப் போர்க்காலத்துப் பீரங்கிகள் பத்தினை அமெரிக்கக் காங்கிரஸ் வழங்க, அவற்றை உருக்கிச் சிலை வார்க்கப்பட்டது. 1875 ஏப்பிரில் 19ஆந் திகதி, சனாதிபதி கிராண்ட் முன்னிலையில், அது திறந்துவைக்கப்பட்டது. சிற்பியார் அன்று இத்தாலியில் இருந்தார். தமது 25ஆவது வயது நிறைவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

இனிச் சிலையை நோக்குவாம். ஓரிளைஞன் வலக்கையில் துப்பாக்கி பற்றி முன்னடி எடுத்துவைக்கின்றான். சட்டைக்கைகள் மடித்து விடப்பட்டுள்ளன. அவன் பின்னே ஏர். அதன்மேல் கழற்றி எறிந்த மேலங்கி. இடக்கை ஏர்ப்பிடியினின்றும் இன்னும் நீங்கவில்லை. சிலையின் உயிர் முழுதும் இவ்விடக்கையிலேயே தங்கியுள்ளது. உடல் போருக்குப் புறப்பட்டுவிட்டது. கை வயலைவிட மனமின்றி நிற்கின்றது. கற்றூண் கூறமுடியாத ஒன்றை, எந்தச் சொற்பொழிவும் கூறமாட்டாத ஒன்றை, ஐந்து விரல்கள் கூறுகின்றன. அப்பொல்லோவிடமிருந்து கடன்வாங்கியதாகக் கூறப்படும் நிலை உழவன் உடையுள்ளே அயலாகத் தோன்றாமை இளஞ்சிற்பியின் ஆற்றலுக்குச் சான்று. முகம் மட்டும் சற்று மிகையாகத் திருத்தம் பெற்றுவிட்டது. வெயிலிற் காய்ந்தவன் முகமாக அது எமக்குத் தோன்றவில்லை.

ஆயின் உண்மை வேறு. பாலத்தின் முன்னணியில் நின்றவன் ஏரை விட்டு ஓடிவந்தவன் அல்லன். டேவிஸ் தன் வீட்டின் பின்புறத்தே குறிபார்த்துச் சுடும் களம் அமைத்துத் தன் படையைப் பலமாதம் பழக்கியவன். அவர்களுக்குத் துப்பாக்கிமுனை ஈட்டிகளைத் தன் பட்டறையிலே செய்து கொடுத்தவன். அவ்வீட்டிகள் இருந்தமையாலேயே ஆக்ரன் படை முன்னே நிறுத்தப்பட்டதென வரலாற்றாசிரியர் கூறுவர். கடுமையான பயிற்சியின் பயனை, ஏரும் மேலங்கியும் ஒரு கணத்து மனவெழுச்சியாக மாற்றிவிட்டன. திடீரென எழும் வீரத்தைக் கண்டு மகிழ்வது எளிது. மாலைதோறும் களத்தில் நின்று பழகும் பொறுமையைச் சிலையாக்குவது அரிது. சிற்பியார் எளியதைத் தேர்ந்தார் என்றே கூறவேண்டும். அத்தேர்வு சிலையை அழகாக்கிற்று என்பதும் மறுக்கற்பாலதன்று.

இதனினும் பெரிய குறை பீடத்தில் உள்ளது. அங்கே எமேர்சனின் பாடலின் முதற் பகுதி பொறிக்கப்பட்டுள்ளது. டேவிஸின் பெயர் இல்லை. இறந்தான் பெயரையுஞ் செயலையுங் கல்லிற் பொறித்த நடுகல் மரபை அறிந்த எம்மனோர்க்கு இது விந்தையாகவே தோன்றும். சிலை எவர்க்கும் பொது, ஆதலின் ஒருவன் பெயர் வேண்டா என்பர் சிலர். அவ்வாதம் எல்லா ஊரும் சேர்ந்து எடுத்த சிலைக்குப் பொருந்தும். ஓரூர் தன் நிலத்தில், தன் புலவன் சொற்களோடு, தன் சிற்பியைக் கொண்டு எடுத்து, உயிர்கொடுத்த அயலூரான் பெயரை மட்டும் "பொது" என்னும் போர்வையால் மூடுவது நடுநிலையாகாது.

ஆக்ரன் மக்கள் வாளாவிருந்தாரல்லர். கொங்கோட்டுச் சிலைக்கு 24 ஆண்டுகள் முன்னரே, 1851இல், அவர்கள் தம் ஊர் நடுவே 75 அடி உயரமுள்ள கருங்கற்றூண் எழுப்பினர். டேவிஸ், ஹொஸ்மர், அதே நாளிற் பின்னர் வீழ்ந்த ஜேம்ஸ் ஹேவார்ட் ஆகிய மூவரின் எலும்புகளையும் தோண்டியெடுத்து அதன் அடியிற் புதைத்தனர், பெயர்களையும் பொறித்தனர். சிற்பக் கண்ணால் நோக்கின் அத்தூணிற் சொல்லத்தக்கது மிகுதியாக இல்லை. மறத்தல் கூடாது என்னும் பிடிவாதம் ஒன்றே அதன் அணி.

டேவிஸின் மனைவி ஹன்னா நெடுங்காலம் வாழ்ந்து, முதுமையில் அந்நாளைப் பற்றி வாக்குமூலம் அளித்தாள். பிள்ளைகள் நால்வரும் நோயுற்றிருந்தனர். வாயிலைத் தாண்டியவன் ஏதோ கூறக் கருதினான்போலத் திரும்பினான். பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள் என்று மட்டுங் கூறிச் சென்றான். பிற்பகலில் உடல் வீடு வந்தது. ஏர்ப்பிடியில் தயங்கும் கையைச் சிற்பி கற்பனையாற் கண்டார். வாயிலில் தயங்கிய மனிதனை ஹன்னா கண்ணாற் கண்டாள். இரண்டும் ஒரே தயக்கமே ஆயினும் பின்னதற்கே பெயரும் வீடும் உண்டு. உழவன் வடிவம் 1925இல் ஐந்து சத முத்திரையில் ஏறிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சேமிப்புப் பத்திரங்களிலும் ஏறிற்று. வாயிலில் நின்றவனை அவ்வாறு எதிலும் ஏற்ற இயலாது.

ஆண்டுதோறும் அந்நாளிலே ஆக்ரன் மக்கள் டேவிஸ் வீட்டிலிருந்து புறப்பட்டு, அவன் படை சென்ற வழியே கால்நடையாகப் பாலம்வரை செல்கின்றனர். வழியின் முடிவில் அவர்களை எதிர்கொள்வது பெயர் பொறிக்கப்படாத அச்சிலையே. தம் தலைவன் உருவமே அதுவென்று அவர்களுட் பலர் கூறுவர். கொங்கோட் ஊரார் அதனை ஒப்புவதுமில்லை, வன்மையாக மறுப்பதுமில்லை.