திமிலைப் பிடித்தவனுக்கு என்ன கிடைக்கிறது?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் கூட்டம் திரண்டபோது மும்பை தாராவியிலும் ஜல்லிக்கட்டுக்கு ஆதரவுக் குரல் எழுந்தது. தாராவித் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. ஜல்லிக்கட்டோ மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி வட்டாரத்து விளையாட்டு. தாத்தா காலத்திலும் வாடிவாசலைப் பார்த்திராத குடும்பங்களின் பிள்ளைகள் காளைக்காகத் தொண்டை வற்றக் கத்தினார்கள். இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. 1950களில் தொலைக்காட்சியில் 'கன்ஸ்மோக்' வெஸ்டர்ன் தொடரைப் பார்த்த அமெரிக்கப் புறநகர்க் குடும்பங்களில் எத்தனை பேர் மாடு மேய்த்தவர்கள்? நெடும்பாதையில் மந்தை ஓட்டிய அசல் கௌபாய் காலம், உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுதான். அந்த வேலையில் கறுப்பரும் மெக்சிகரும் கணிசமாக இருந்தார்கள். திரைக்கு வந்தபோது பெரும்பாலும் வெள்ளை முகங்களே மிஞ்சின. மண்ணை விட்டு விலகியவர்களுக்கு அடையாளம் பிம்பமாகத்தான் வந்து சேரும். பிம்பத்தில் சிலர் காணாமல் போவார்கள்.

ஜல்லிக்கட்டின் பலம் களத்துக்கு வெளியே இருக்கிறது. டிராக்டர் வந்த பின் உழவுக்கும் வண்டிக்கும் தேவைப்படாத காளையை, தவிடும் பருத்திக்கொட்டையும் வைத்து ஆண்டு முழுக்க வளர்க்க ஒருவனுக்கு ஏதாவது காரணம் வேண்டும். புலிக்குளம் மாதிரியான நாட்டினங்களுக்கு அந்தக் காரணத்தை இந்த விளையாட்டு தருகிறது. விதிகளும் எளியவை: திமிலை மட்டும் அணைக்கலாம், வாலை முறுக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது. அமெரிக்காவின் ரோடியோ விளையாட்டில் காளையின் அடிவயிற்றை ஒட்டிக் கயிற்றை இறுக்கித் துள்ள விடுகிறார்கள். முதுகில் எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். நம் களத்தில் முதுகுச் சவாரியே கிடையாது.

கொடுமை நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பு, வால் முறுக்குவதையும் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதையும் பற்றிய புகார்களைக் கணக்கில் எடுத்தே தடை விதித்தது. அதே தீர்ப்பு மகாராஷ்டிரத்து மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2023 மே 18இல் அதன் அரசியல் சாசன அமர்வு, இவற்றை அனுமதிக்கத் தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களை ஏற்றது. இடையில் மும்பையில் இன்னொன்று நடந்தது. 2015இல் மகாராஷ்டிரம் காளை, எருது அறுப்பையும் தடை செய்தது. தாராவித் தோல் பட்டறைகளின் வயிற்றில் அடி விழுந்தது. காளையின் பெயரால் எழுந்த முழக்கங்களில் இந்தப் பட்டறைக்காரனின் பிழைப்பு இடம்பெறவில்லை.

என் பெரிய குறை மாட்டைப் பற்றியதல்ல, மனிதனைப் பற்றியது. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலில் காளை ஜமீன்தாருடையது, மானமும் அவருடையது. குத்துப்பட்டுச் சாவது மாடு பிடிக்க வரும் பிச்சியின் அப்பன். இன்றும் கணக்கு அதிகம் மாறவில்லை. பிடிபடாத காளைக்குப் பரிசு அதன் உரிமையாளருக்குப் போகிறது. பிடித்தவனுக்குத் தங்கக் காசு, பீரோ, கட்டில். முதலிடம் பெறும் ஒருவனுக்குக் கார். குடல் சரிந்தவனை ஆம்புலன்ஸ் மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். அவன் கூலிவேலைக்குப் போக முடியாத மாதங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது வர்ணனையில் வராது.

1936இல் பாஸ்டன் கார்டன் அரங்கில் ரோடியோ வீரர்கள் களமிறங்க மறுத்தார்கள். தாங்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்தைப் பரிசுப் பணத்தில் சேர்க்க வேண்டும், விவரம் தெரிந்த நடுவர்கள் வேண்டும் என்றார்கள். நடத்துநர் இறங்கிவந்தார். மெதுவாகத்தான் ஒன்றுகூடினோம் என்று தங்களையே கிண்டலடித்து, சங்கத்துக்கு ஆமையின் பெயரை வைத்துக்கொண்டார்கள். வீரம் பேசிய அந்தக் கூட்டம் கூலியையும் பேசியது. நம் ஜல்லிக்கட்டுப் பேரவைகளும் விழாக் குழுக்களும் பெரும்பாலும் காளை வளர்ப்போர், நடத்துவோர் தரப்பிலிருந்தே பேசுகின்றன. அவற்றுக்குள்ளும் முதல் மரியாதை யாருக்கு, குழுவில் எந்தச் சாதிக்கு இடம் என்ற சண்டை. மதுரை அவனியாபுரத்து ஜல்லிக்கட்டு வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிருக்கிறது. 'தமிழர் வீரம்' என்று பொதுவில் சொல்லிவிட்டு ஊருக்குள் மரியாதையைச் சாதி பார்த்துப் பங்கிடுவது பித்தலாட்டம்.

விளையாட்டு நடக்கட்டும், தடை இதற்குத் தீர்வல்ல. ஆனால் பொங்கலன்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவி தொண்ணூறடிச் சாலையிலும் நேரலை பார்க்கும் நாம், அடுத்த முறை முழக்கம் போடும்போது களத்தில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் ஆயுள், விபத்துக் காப்பீடு, எல்லாச் சாதிக்கும் விழாக் குழுவில் இடம் என்ற இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.