பாலைக்கன்று இருக்கிறதா?

நர்சரிக்குள் நுழைந்ததும் என் கண் தேடுவது பாலைக்கன்றை. வாசலில் அடுக்கியிருக்கும் செம்பருத்தி, காகிதப்பூ வரிசைகளைத் தாண்டி, நிழல்வலையின் கடைசி மூலையில் அது இருக்கும். விதைத்து ஒரு வருடம் ஆகியும் சாண் உயரத்தைத் தாண்டத் திணறும். இலை மட்டும் தடித்து, பளபளத்து, கரும்பச்சையாக இருக்கும். அந்த மூலையில் பாலையோடு வீரையும் காயாவும் நின்றால், இந்த இடத்தை நடத்துபவருக்கு மரம் தெரியும் என்று முடிவு கட்டிவிடுவேன்.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே உள்ள செம்மண் மேட்டில் இப்படிப்பட்ட சிறு நாற்றங்கால்கள் அமைந்ததற்குக் காரணம் உண்டு. பாலையும் வீரையும் காயாவும் நிற்கும், சோழமண்டலக் கரையின் சொந்தக் காடு இருந்த இடம் அது. ஆண்டு மழையின் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிக்கொண்டு, மீதி மாதங்களைத் தடித்த இலையோடு தாங்கும் காடு. கோடையிலும் பச்சை மாறாது. வனவியல் அறிஞர்கள் சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்று இதற்குத் தனித் தொகுதியே இருக்கிறது. விறகுக்கும் வயலுக்கும் வீட்டுமனைக்கும் போனது போக, கோடியக்கரை போன்ற சில இடங்களிலும், அய்யனாரும் அம்மனும் காவல் இருக்கும் கோயில் காடுகளிலும் அது துண்டு துண்டாக மிஞ்சி நிற்கிறது. புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டுக்குள் நின்று பார்த்தால் இந்தக் கரை ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பது புரியும்.

அதே 1968-இல் இந்தச் செம்மண் மேட்டில் தொடங்கிய ஆரோவில் குடியிருப்பில் மரம் நட வந்தவர்களுக்குக் கிடைத்தது மழை அரித்துப்போட்ட வெறும் செம்மண். வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டு நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் இந்த மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த மரங்களின் விதை கடையில் எளிதாகக் கிடைக்காது. மிஞ்சிய காடுகளில் அலைந்துதான் பொறுக்க வேண்டும்.

என் ரசனையில் நாற்றங்கால் கலையின் உச்சம் அந்தப் பொறுக்கல்தான். எந்த மரம், எந்த ஊர்க் காட்டில், எந்த மாதம் பழுக்கும் என்பது கால்நடையாகத் திரிந்தவருக்குத்தான் தெரியும். வீரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு கோயில் காட்டில் எத்தனை பெரிய வீரை நின்றாலும், அது ஆணாக இருந்தால் அதனடியில் வருடம் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு விதை கிடைக்காது. பெண்ணாக இருந்து பக்கத்தில் ஆண் இல்லாவிட்டாலும் அதே கதிதான். கொக்கோட்டை மரமும் அப்படித்தான். காடு துண்டானதில் இவற்றுக்கு நேர்ந்த துன்பம் வெளியே தெரியாதது: மரம் உயிரோடு இருக்கும், வம்சம் நின்றுபோயிருக்கும். அதனால் நல்ல விதை சேகரிப்பாளர் மரத்தை மட்டும் அல்லாமல் அதன் துணையையும் நினைவில் வைத்திருப்பார். ஒரே மரத்தில் மூட்டையாக அள்ளமாட்டார்; பல தாய்மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலப்பார். ஒரு தாயின் பிள்ளைகளை மட்டும் நட்டு எழுப்பிய காடு அடுத்த தலைமுறையில் வலுவிழக்கும் என்பது அவருக்குத் தெரியும். கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் மரநாய்க்கும் உரிய பங்கை மரத்திலேயே விட்டுவிட்டு வருவார். அவை உண்மையில் அவருடைய சக தொழிலாளிகள். பனைமரத்தடியைக் கிளறிப் பாருங்கள். மட்டையில் உட்கார்ந்த பறவைகள் எச்சமிட்டு முளைத்த காட்டுக்கன்றுகள் அங்கே கூட்டமாக நிற்கும்.

விதை கைக்கு வந்த பிறகு அவசரம் தொடங்குகிறது. உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும் விதைகள் ஒரு வகை, உலர்ந்தாலே செத்துப்போகும் விதைகள் இன்னொரு வகை என்று 1973-இல் ராபர்ட்ஸ் என்ற விதையியல் அறிஞர் பிரித்துச் சொன்னார். வாகை முதல் வகை. அதன் தோல் தண்ணீரையே உள்ளே விடாது. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஆறவிட்டால்தான் இளகும். நாவல் இரண்டாம் வகை. சில வாரங்களுக்குள் விதைக்காவிட்டால் கொட்டை வெறும் கட்டைதான். காயாவின் பழத்தையும் பறித்த சூட்டோடு சதை கழுவி மணல் பாத்தியில் போட்டுவிடுவார்கள். சதை ஒட்டியிருந்தால் முளைப்பைத் தடுக்கும், எறும்பையும் பூஞ்சணத்தையும் அழைக்கும். புன்னைக்கொட்டையின் ஓட்டை உள்ளே இருக்கும் பருப்பு அடிபடாமல் தட்டி உடைக்க ஒரு கைப்பதம் வேண்டும்.

சந்தனத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதன் புதுவிதை இரண்டு மாதம் போல உறங்கும். முளைத்த பிறகும் தனியே வளராது. பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் தேறும். அதனால் சந்தனக்கன்று இருக்கும் பாக்கெட்டிலேயே ஒரு துவரையையோ பொன்னாங்கண்ணியையோ வைத்திருப்பார்கள். தெரியாதவர் களை என்று அதைப் பிடுங்கிவிட்டால் சந்தனம் மெல்ல வாடும். துணைச்செடி சந்தனத்தை மூடாமல் அவ்வப்போது கிள்ளிவிட்டுக்கொண்டே இருப்பதில்தான் வளர்ப்பவரின் கெட்டிக்காரத்தனம்.

பாத்தியிலிருந்து பாக்கெட்டுக்கு மாற்றுவது, செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலப்பது, பூவாளியால் தண்ணீர் விடுவது எல்லாம் எல்லா நர்சரியிலும் நடப்பவைதான். வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. புங்கன் சில மாதங்களில் நடவுக்குத் தயார். பாலையோ, சப்போட்டா ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகத் தேவைப்படும் பருமனுக்கு வரவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். அத்தனை நாளும் அது இடத்தை அடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கும். வேர் பாக்கெட்டைத் துளைத்துத் தரையில் இறங்காதபடி அவ்வப்போது எடுத்து இடம் மாற்றி வைக்க வேண்டும். வேர் உள்ளே சுருண்டுகொள்வதற்குள் பெரிய பாக்கெட்டுக்கு மாற்ற வேண்டும். இத்தனை உழைப்புக்கும் ஏற்ற விலையை வாங்குபவர் தருவதில்லை. கன்றின் உயரத்தைப் பார்த்துத்தான் தருகிறார். இது மாற வேண்டும். மெதுவாக வளரும் கன்றின் விலையில் அது காத்திருந்த காலமும் சேர வேண்டும்.

லட்சம் கன்று நட்டோம் என்று எண்ணிக்கை காட்டும் விழாக்கள் இந்த மரங்களுக்கு உதவுவதில்லை. குறித்த தேதிக்குள் அத்தனை கன்று வேண்டும் என்றால் வேகமாக வளர்பவைதான் கிடைக்கும். கருங்காலி மாலை வாங்க அலைபவர்கள் இன்று ஏராளம். கருங்காலிக் கன்று கேட்டு வருபவரைக் காண்பது அரிது. திருமாலின் நிறத்துக்குக் காயாம்பூவைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அந்தப் பூவைப் பார்த்திருக்கிறோம்? குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் ஒன்று அது. பூக்கும் நாட்களில் பூக்கள் கிளையோடு ஒட்டிக்கொள்ள, மரமே நீலமாகிவிடும். அந்த நீலத்தை வீட்டு வாசலில் பார்க்க வாய்ப்பிருந்தும் பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு.

நல்ல நாற்றங்காலில் ஒரு நோட்டு இருக்கும். எந்த ஊர்க் காடு, எந்தத் தாய்மரம், எந்த நாள் பொறுக்கியது, எப்போது விதைத்தது, எத்தனை முளைத்தது என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இந்தக் கரையின் காட்டைப் பற்றி அவ்வளவு நெருக்கமான பதிவை வேறெங்கும் படிக்க முடியாது.

இந்த வருடம் மழை தொடங்கும் முன்பு, புரட்டாசியிலேயே போய் ஒரு காயாவோ வீரையோ கேளுங்கள். வீரை வாங்கினால் ஒன்று போதாது, நாலைந்தாக வாங்கி நடுங்கள். கன்றில் ஆண் பெண் தெரியாது. கோயில் காட்டிலிருந்து யாராவது பிடுங்கிக் கொண்டுவந்து விற்கும் கன்றை வாங்காதீர்கள். நீங்கள் கேட்டது இல்லையென்றால் பெயரைச் சொல்லி எழுதிவைத்துவிட்டு வாருங்கள். அடுத்த பழத்தில் விதை எடுத்து வளர்த்துத் தருவார்கள்.