மணலின் பாதையும் மக்களின் ஒற்றுமையும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்களா? கால் நனைக்கச் சென்றவர்களைப் பல ஆண்டுகளாக அங்கே வரவேற்றது மணல் அல்ல, கருங்கல் குவியல். மணல் எங்கே போயிற்று என்பதை விளக்கும் ஓர் ஆவணப்படத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ‘மறைந்துவரும் இந்தியக் கடற்கரைகள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புக் கொண்ட இப்படத்தை இயக்கியவர் ஷேகர் தத்தாத்ரி. ‘பாண்டிகேன்’ என்ற புதுச்சேரிக் குடிமக்கள் அமைப்பின் முயற்சியில் உருவானது இது.

படத்தின் விஞ்ஞானம் எளிது. கடற்கரை அசையாத நிலம் அன்று. அது ஓடும் மணல் ஆறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் நம் கரை மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரித்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்போ கல் முடிந்த இடத்திற்கு அப்பால், மீனவர் குப்பங்களை நோக்கி நகர்ந்தது.

குறையைச் சொல்வதோடு நில்லாமல் காரணத்தைக் காட்டுவதே இப்படத்தின் சிறப்பு. காரணம் தெரியாதவரை ஒவ்வோர் ஊரும் தனக்கொரு சுவர் கேட்கும். ஓர் ஊரின் சுவர் அடுத்த ஊரின் இழப்பு என்று தெரிந்தபின் தனித்தனியே கேட்க மனம் வருமா? ஆகவே இங்கே ஒற்றுமை வெறும் நல்லெண்ணம் அன்று. மணலின் ஓட்டமே அதைக் கற்பிக்கிறது.

ஆனால் ஓர் ஆவணப்படத்தில் அடங்காத ஒன்றும் உண்டு. விழித்தெழும்படி அது அழைக்கிறது. விழித்தவர் பல ஆண்டுகள் தூங்காமலிருப்பது எப்படி? 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை விதிகள் பலமுறை தளர்த்தப்பட்டன. மக்கள் நெருக்கமுள்ள கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டடத் தடைப்பகுதி, 2019 ஜனவரி அறிவிக்கையில் 50 மீட்டராகச் சுருங்கியது. கேள்வி கேட்பவர்மீது ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்ற முத்திரை எளிதில் விழுகிறது. இத்தகைய காலத்தில் கோஷம் விரைவில் களைத்துவிடும். எவரும் சரிபார்க்கக்கூடிய உண்மையோ நிலைத்து நிற்கும்.

2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்தின் அருகே கடலுக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. அதன்பின் அப்பகுதியில் மணல் திரும்பியது. மகிழ்ச்சியே! எனினும் ஒரு துண்டுக் கரை மீண்டதைக் கண்டு கதை முடிந்தது என எண்ணிவிடக் கூடாது. உலகம் வெப்பமடைவதால் கடல்மட்டம் உயர்ந்து வருகிறது. வடக்கேயுள்ள குப்பங்களுக்கும் கரை வேண்டும்.

எனவே மாணவ நண்பர்களே, படத்தைப் பார்த்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கரையில் அசையாத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை, கடல் ஒரே நிலையில் உள்ள வேளையில், அங்கிருந்து நீர் விளிம்புவரை அளந்து தேதியுடன் குறியுங்கள். வடக்குக் குப்பத்து நண்பர் ஒருவரையும் அவ்வாறே அளக்கச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு ஏடுகளும் சேர்ந்தால்தான் ஒரு கடற்கரை.