சீட்டை மறைக்கலாம், பாஷையை மறைக்கலாமா?

உங்களுக்குச் சீட்டாடத் தெரியுமா? தெரியாது என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பவர்களும் மேலே படிக்கலாம். காட்டிக் கொடுக்க மாட்டேன்.

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம் மாதிரி ஓர் ஊரில் மரத்தடியில் நாலு பேர் துண்டை விரித்து உட்கார்ந்தால், மாமன் மச்சானாக இருந்தாலும் முதல் சண்டை காசுக்காக வராது. ‘ஏன்டா கண்ணைக் காட்டுன?’ என்றுதான் வரும். ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் மூக்கைச் சொறிந்தால் ஆட்டின், தொண்டையைச் செருமினால் ஸ்பேட் என்று இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நம் நாட்டுப் பழைய கைத்தொழில்களில் ஒன்று.

சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் உலக அளவில் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் இதற்காகவே சட்டப் புத்தகம் எழுதி, விசாரணைக் கமிஷன் வைத்து, கோர்ட் வரை போயிருக்கிறார்கள். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்ற இருவர் தங்கம் வாங்கினார்களே, அதே பிரிட்ஜ்தான். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. அந்த வயதில் தங்கம் வாங்க வேறு எந்த விளையாட்டில் முடியும், சொல்லுங்கள்.

பிரிட்ஜில் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஏலம். ஏலத்தில் மொத்தம் 38 வார்த்தைகளே பேசலாம். முப்பத்தைந்து கேள்விலைகள், அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். இந்த 38 வார்த்தை பாஷையில்தான் பார்ட்னருக்கு உங்கள் கையை விவரிக்க வேண்டும். அதனால் சொற்களுக்கு வேறு அர்த்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். பார்ட்னர் ‘ஒன் நோ டிரம்ப்’ என்ற பிறகு நீங்கள் ‘டூ கிளப்ஸ்’ என்றால், பெரும்பாலான ஜோடிகளுக்கு, கிளாவர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ‘உன்னிடம் நாலு ஆட்டினோ, நாலு ஸ்பேடோ இருக்கா?’ என்ற விசாரிப்பு.

இங்கேதான் அந்த ஆட்டத்தின் ஆதாரமான நியாயம் வருகிறது. ரகசிய பாஷை கூடாது. உங்கள் ஜோடிக்குள் என்ன ஒப்பந்தமோ, அது எதிராளிக்கும் தெரிய வேண்டும். ஒரு தாளில் எழுதி அவர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான கேள்வி என்றால் எச்சரிக்க வேண்டும். கேட்டால் பார்ட்னர் விளக்க வேண்டும். பார்ட்னர் தப்பாக விளக்கிவிட்டால், ஏலத்தை எடுத்த பக்கத்துக்காரர் முதல் சீட்டு இறங்குவதற்கு முன் தானே திருத்த வேண்டும். தன் பக்கத்துக்கு நஷ்டம் வந்தாலும் சரி.

கவனியுங்கள், கையில் என்ன சீட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். சீட்டை மறைக்கலாம், பாஷையை மறைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் விரும்பி ஆடும் 304-ல்கூட துருப்பைக் கவிழ்த்துத்தான் வைக்கிறார்கள். ஆனால் கவிழ்ந்து கிடக்கும் அந்தச் சீட்டு துருப்பு என்பது நாலு பேருக்கும் தெரியும். மறைவே பகிரங்கமான மறைவு.

இந்த ஏற்பாடு சுத்தமாக வேலை செய்கிறதா என்றால், இல்லை. கேள்வி கேட்பதே ஒரு தகவல். எதிராளியின் ஸ்பேட் கேள்வியைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை விசாரித்தால், உங்கள் பார்ட்னருக்கு ஏதோ புரிந்துவிடும். நீண்ட நேரம் யோசித்தாலும் அப்படியே. சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் யோசித்ததைப் பயன்படுத்திக்கொள்ள உங்கள் பார்ட்னருக்கு உரிமை இல்லை. கேட்டதைக் கேட்காததுபோல் ஆட வேண்டும். கூட்டுக் குடும்பத்து மருமகள்களுக்கு இந்தப் பயிற்சி ஏற்கெனவே உண்டு.

தவிர, புதிதாக வருகிறவருக்கு என்ன கேட்பது என்றே தெரியாது. ஐம்பது ஒப்பந்தங்களை எழுதிய தாளை நீட்டி ‘எல்லாம் சொல்லியாச்சு’ என்பதும் ஒருவகை மறைப்புதான். இன்ஷூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்தைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏமாற்றுகிறவர்களும் சும்மா இல்லை. 1965-ல் ப்யூனஸ் ஐரிஸில் இங்கிலாந்தின் ரீஸும் ஷாபிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் சேதி சொன்னதாகக் குற்றச்சாட்டு. உலக அமைப்பு குற்றவாளிகள் என்றது. சொந்த நாட்டு விசாரணை, நிரூபணம் போதாது என்று விடுவித்தது. 1975-ல் பார்ட்னர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி மேஜை நடுவே திரை வைத்தார்கள். அந்த முதல் வருஷமே இத்தாலிய ஜோடி ஒன்றின் கால்கள் மேஜைக்கு அடியில் சந்தித்துக்கொண்டதாகப் புகார். மேலே மறைத்தால் கீழே! 2015-ல் நார்வேயின் போயெ ப்ரோகெலாண்ட் என்ற ஆட்டக்காரர் தானே துணிந்து பெரிய ஜோடிகளைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். சீட்டை நெடுக்காக வைக்கிறார்களா, குறுக்காக வைக்கிறார்களா என்று வீடியோக்களை வைத்துக்கொண்டு உலகமே பார்த்தது. 2020 ஊரடங்கில் ஆட்டம் கம்ப்யூட்டருக்குப் போனபோது, இன்னொரு பெயரில் பார்வையாளராக நுழைந்து நாலு கையையும் பார்த்தவர்கள் மாட்டினார்கள்.

ஆக, அங்கேயும் யோக்கியர்கள் மட்டும் இல்லை. ஆனால் எது குற்றம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. நமக்கு இருந்தது.

நம் ஊர் ரம்மிக்கு வாருங்கள். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று தெரிய வேண்டும் என்பது காரணம். குலுக்கலில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் இருப்பது போன்றதே என்றும் சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அது கண்ணெதிரே ஆள் உட்கார்ந்து ஆடிய ரம்மியைப் பற்றிய தீர்ப்பு. ஆட்டத்தில் கிளப் உரிமையாளர் லாபம் பார்த்தால் கதை வேறு என்று அதே தீர்ப்பில் ஒரு வரியும் உண்டு. பிற்பாடு ஆன்லைன் ரம்மிக்காரர்கள் முதல் பாதியைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். அந்த வரியை யாரும் உரக்கப் படிக்கவில்லை.

செல்போன் ரம்மியில் எதிரே இருப்பது யார்? ஆளா, ப்ரோக்ராமா? தெரியாது. எதிர்ப்பக்கத்து இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கிறார்களா? தெரியாது. சீட்டைப் போடுகிற சர்வரில் எல்லோர் கையும் இருக்கிறது. நீங்கள் எப்போது ‘ஸ்கூட்’ சொல்வீர்கள், தோற்ற பிறகு எத்தனை மணிக்கு மறுபடி பணம் போடுவீர்கள் என்பதும் அங்கே பதிவாகிறது. கம்பெனிக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. குலுக்கல் சரி என்று சான்றிதழ் காட்டினார்கள். அது சீட்டுக்குத்தான் சாட்சி, எதிரே இருக்கும் ஆளுக்கு இல்லை. மரத்தடியில் கண் சிமிட்டினால் சட்டையைப் பிடிக்கலாம். இங்கே பிடிக்கச் சட்டையே இல்லை.

தமிழ்நாட்டில் கடன்பட்டவர்கள், உயிரையே விட்டவர்கள் பற்றிச் செய்தி வந்தபோது நாம் விவாதித்தது என்ன? திறமையா, அதிர்ஷ்டமா? 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தமிழக அரசின் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவுக்குப் பிறகு புதுச் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அதிலிருந்து ரம்மிக்கும் போக்கருக்கும் விலக்கு கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் கூடாது, திறமை என்றாலும் சரி, அதிர்ஷ்டம் என்றாலும் சரி என்று சட்டம் போட்டது. பூட்டு பெரியதுதான். ஆனால் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்ட கேள்வி தப்பு என்பதை அது வாயால் சொல்லவில்லை. கேள்வி தப்பாகவே இருந்தால் நாளைக்கு வேறு பெயரில் வேறு ஆட்டம் வரும். மறுபடி திறமையா, அதிர்ஷ்டமா என்று ஆரம்பிப்போம்.

திறமைசாலி தோற்பது ஆட்டம். அதிர்ஷ்டக்கட்டை தோற்பதும் ஆட்டம்தான். எதிராளிக்குத் தெரிந்தது என்ன என்பதே தெரியாமல் தோற்பதற்கு வேறு பெயர். எந்த மேஜையில் உட்கார்ந்தாலும், அது சீட்டானாலும் சிட் ஃபண்டானாலும், பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘உனக்குத் தெரிந்த பாஷை எனக்கும் தெரியுமா?’ பதில் சொல்லத் தயங்கினால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.