கைக்கு அளந்த வளரி

1883-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு காலை நேரம். சிவகங்கைக்குப் பக்கத்தில், குட்டை முள்ளும் புதரும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வளர்ந்து கிடந்த பொட்டலில் ராபர்ட் புரூஸ் ஃபூட் போய்க்கொண்டிருந்தார். பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர்தான். வழியெங்கும் ஆண்களும் வளர்ந்த பையன்களும் கூட்டம் கூட்டமாக, சில நாய்களோடு முயல் வேட்டைக்குப் பரவி நின்றார்கள். புதரிலிருந்து முயல் கிளம்பியதும் நாலா பக்கமிருந்தும் வளைந்த தடிகள் பறந்தன. முயல் தப்பிப்பது அபூர்வமாக இருந்தது. விசாரித்தபோது, வருஷத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில் உடம்புக்கு முடிந்த மறவர் ஆண் ஒவ்வொருவரும் இந்த வேட்டையில் கலந்துகொள்ள வேண்டும், அது பாதி சாமி காரியம் என்று அவருக்குச் சொன்னார்கள்.

அந்த வளைந்த தடிதான் வளரி. வளைதடி, வளரித்தடி என்றும் சொல்வார்கள்.

மருது சகோதரர்களின் சிலையையும் பாளையக்காரர் போரையும் நினைக்காமல் இன்று வளரியை யாரும் பேசுவதில்லை. அதில் தவறில்லை. ஆனால் போர்க்கருவி என்ற பெருமை, அதன் வேலைப்பாட்டைப் பார்க்கவிடாமல் மறைத்துவிட்டது. மதுரைச் சமவெளியில் வளரி முதலில் ஒரு வேட்டைக் கருவி. அதுவும் கடையில் எடுத்து வருகிற சாமான் அல்ல. எறிகிறவனின் கைக்கும் அடிக்க வேண்டிய விலங்குக்கும் ஏற்றபடி செதுக்கப்பட்டது. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி போன்ற துப்பாக்கிப் பட்டறைகளில் வேட்டைக்காரரின் கை நீளத்தையும் தோள் அகலத்தையும் கன்னம் பதியும் உயரத்தையும் அளந்து, வால்நட் மரத்தில் பின்கட்டை இழைப்பார்கள். மரத்தின் ஓட்டம் கைப்பிடி வளைவோடு சேர்ந்து போகிறதா என்று பார்த்துத்தான் கட்டையையே தேர்ந்தெடுப்பார்கள். ஓட்டம் குறுக்கே போனால், பெரிய விலங்குக்கான தோட்டா வெடிக்கும் உதைப்பில் கட்டை அந்த இடத்திலேயே விண்டுவிடும். நம்மூர் வளரியிலும் இதே கணக்கு இருக்கிறது.

ஃபூட் தன் சேகரிப்பில் இருந்த இரண்டு வளரிகளை அளந்து எழுதி வைத்தார். பெரியதன் வெளி வளைவு 61 சென்டிமீட்டர். இரு முனைகளுக்கும் நேராக நூல் பிடித்தால் 45 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிடிக்கும் முனையில் முட்டை வடிவக் குமிழ், நீளம் 5.7 சென்டிமீட்டர், கனம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். குமிழை அடுத்த கழுத்துதான் முழுத் தடியிலும் மெலிந்த இடம். கனம் அங்கே 2 சென்டிமீட்டர்கூட இல்லை. அங்கிருந்து அகலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, மறுமுனையில் 6 சென்டிமீட்டர் ஆகிச் சதுரமாக வெட்டுப்பட்டு நிற்கிறது. குமிழை விட்டுப் பார்த்தால், முனைக்கு எட்டு, பத்து சென்டிமீட்டர் முன்பாகத் தடி மிகப் பருத்திருக்கிறது. அங்கே கனம் இரண்டரை சென்டிமீட்டர்.

இந்த அளவுகளைக் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு படித்தால் விஷயம் புரியும். குமிழ், வீசும்போது விரல் வழுக்காமல் தடுக்கிறது. கழுத்து மெலிந்திருப்பதால் விரல்கள் முழுக்கச் சுற்றிப் பிடிக்கின்றன. எடையெல்லாம் தூர முனையில். தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றி விடும்போது அந்த முனை கையை இழுக்கிறது. விடும் கணத்தை இழுப்பே சொல்லிக் கொடுக்கிறது. குமிழ் விரலுக்குப் பெரிதாக இருந்தால் வளரி தாமதமாக விடுபடும், சிறிதாக இருந்தால் முந்திக்கொள்ளும். ஆகவே ஒருவன் கைக்குச் செய்தது இன்னொருவன் கைக்கு அப்படியே பொருந்திவிடாது.

மரம் எது? புளிய மரத்தின் வேர் என்று ஃபூட்டிடம் சொல்லியிருக்கிறார்கள். புளியைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. செக்கு உலக்கைக்கும் இறைச்சிக் கடைக் கட்டைக்கும் வைரம் பாய்ந்த புளியைத்தான் தேடுவார்கள். அடி தாங்கும், எளிதில் பிளக்காது. வேரிலோ வளைவு தானாகவே அமைந்திருக்கிறது. நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் மரத்தின் ஓட்டம் நடுவில் அறுபடும். கல்லில் ஒரு முறை மோதினாலே தடி இரண்டாகும். வளைந்தே வளர்ந்த வேரில் ஓட்டம் முனை முதல் முனை வரை அறுபடாமல் வரும். தன் வளரிகளின் வேலைப்பாடு கரடுமுரடானது என்று ஃபூட் எழுதினார். பளபளப்பை வைத்துச் சொன்னால் அது சரிதான். சரியான வேரைத் தேடி எடுத்ததும் எடையை முனையில் நிறுத்தியதும்தான் இந்தத் தொழிலின் நயம். மேல்பூச்சில் அதைத் தேடக் கூடாது.

மரம் ஒரு மரபு என்றால், இரும்பு இன்னொன்று. சென்னையில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்டாவ் ஓப்பர்ட், 1880-இல் வெளியிட்ட நூலில், புதுக்கோட்டையிலிருந்து தனக்கு வந்த நான்கு கருமர வளரிகளையும் ஒரு இரும்பு வளரியையும் குறிப்பிடுகிறார். இரும்பு வளரியின் வெளி விளிம்பைக் கூராக்கலாம். அது சாய்ப்பதோடு நிற்காமல் அறுக்கவும் செய்யும். இது ஆசாரியின் வாய்ச்சியிலிருந்து கொல்லர் உலைக்குப் போன வேலை. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அங்கே அரிவாளை எந்த இடத்தில் கனமாக விட்டு எந்த இடத்தில் அடித்து மெலிப்பது, தோய்ச்சலுக்கு எந்த நிறத்தில் உலையிலிருந்து எடுப்பது என்பதெல்லாம் கைப்பழக்கம். இரும்பு வளரி கேட்டதும் இப்படிப்பட்ட கையைத்தான்.

மூன்றாவது தந்தம். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த இரண்டு தந்த வளரிகளைப் பற்றியும் ஓப்பர்ட் எழுதியிருக்கிறார். அவை அரண்மனையின் அழகுப் பொருள்கள். முள்காட்டில் எறிவதற்காகத் தந்தத்தை யாரும் இழைத்திருக்க மாட்டார்கள். கண்ணாடிப் பேழைக்குள் தந்தத்துக்கு முதல் மரியாதை கிடைப்பது இயல்பு; தரம் பார்க்கிறவர் பக்கத்தில் கிடக்கும் புளிய வேரிடம் போக வேண்டும்.

இனி, வளரி திரும்பி வருமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சிவகங்கைப் பக்கம் தான் பார்த்த எறிதல்களில் ஒன்றுகூடத் திரும்பும் போக்கைக் காட்டவில்லை என்கிறார் ஃபூட். நேர்க்குறிக்கு அருமையான கருவி என்று பாராட்டவும் செய்கிறார். இங்கிலாந்தில் ஆயுதங்களைச் சேகரித்து ஆராய்ந்த பிட்-ரிவர்ஸ் சொல்வது வேறு. குஜராத் பக்கத்துக் கோலிகள் எறியும் கடாரியா என்ற தட்டையான தடியோடு மதுரை மறவர் வளரியை ஒப்பிட்டு, மதுரை வளரிகளில் சில அதைவிட மெல்லியவை, எறிந்து பார்த்தபோது திரும்பி வந்தன என்று எழுதினார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்றே கொள்ளலாம். மெல்லிதாக இழைத்த தடியைக் காற்று தாங்கும், வளைந்து திரும்பும். முனை கனத்த தடி காற்றை மதிக்காமல் நேரே போகும். வேட்டைக்காரனுக்கு வேண்டியது இரண்டாவதுதான். திரும்பி வருவதையே வளரியின் தரம் என்று நினைப்பவர்கள் கனத்த வளரியைக் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறார்கள்.

எறியும் தரத்துக்குச் சாட்சி ஜேம்ஸ் வெல்ஷ். 1795-இல் மதுரைக்கு வந்த இளம் கம்பெனி அதிகாரியான அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. தேர்ந்த கையில் வளரி நூறு கெஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், குறி தவறாது என்று 1830-இல் அச்சான தன் நினைவு நூலில் வெல்ஷ் எழுதினார். பெரிய மருதுவைப் பற்றி அவர் எழுதியிருப்பது வேட்டைக் கதையாகவே இருக்கிறது. ஆட்சிப் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காட்டின் பெரிய விலங்குகளை எதிர்கொள்வதிலேயே காலம் கழித்தவர், ஆர்க்காடு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைப்பார் என்று பேர் வாங்கியவர். தஞ்சை, திருச்சி, மதுரை வெள்ளைக்காரர்கள் வேட்டைக்குப் போக விரும்பினால் அவருக்குத்தான் சொல்லியனுப்பினார்கள். அந்த நட்பு போரில் முடிந்தது. வளரி கற்றுக்கொண்ட வெல்ஷ், கற்றுக்கொடுத்தவருக்கு எதிராகவே படையில் வந்தார். 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் அறிவிப்பு வந்தது.

ஆயுதம் போனாலும் வழக்கம் உடனே போகவில்லை. கள்ளர் திருமணங்களில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வளரி மாற்றிக்கொண்டதைப் பழைய பதிவுகள் சொல்கின்றன. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்து வெளியிட்ட நூலில் அச்சாகியிருக்கும் புதுக்கோட்டைத் திவானின் குறிப்பு, தேர்ந்த எறிகாரர்கள் அங்கே அப்போதே இல்லாமல் போனதைச் சொல்கிறது. எப்போதாவது முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எறிவார்கள். மற்றபடி வளரி சாமி அறையில் இருந்தது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டைக்கும் இடமில்லை. இருக்கக் கூடாது என்பதே சரி. சிலம்பக் கூடங்களில் வளரியைக் குறிப்பலகைக்கு எறியும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள்.

அந்தத் திவான் குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆயுத பூஜையன்று வளரியை வெளியே எடுத்து, சுரண்டித் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவார்களாம். சுரண்டும்போதெல்லாம் விளிம்பில் மயிரிழை அளவாவது தேயும். நூறு வருஷத்தில் முனையின் எடையே மாறிப்போகும். மதுரை, சிவகங்கைப் பக்கத்து வீடுகளிலும் குலதெய்வக் கோயில் பெட்டிகளிலும் பழைய வளரி வைத்திருப்பவர்கள், அடுத்த பூஜைக்குச் சுரண்டும் முன் ஒரு தராசும் ஒரு நூலும் எடுத்துக்கொள்ளட்டும். எடை, வெளி வளைவு, குமிழின் கனம், கழுத்தின் கனம், முனையின் அகலம் என்று ஐந்து எண்களைக் குறித்து வைத்தால் போதும். ஃபூட் விட்டுச் சென்ற கணக்கில் எடை மட்டும் இல்லை.